பழைய சர்க்கரையும் நுண் ஆர்.என்.ஏ.க்களும்



"இப்போது சர்க்கரை கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது, பிறகு ஏன் சிறுநீரகம் கெட்டது?" நீரிழிவு நோயாளிகள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. விடை தேடிப் போனால் ஆர்.என்.ஏ.வில் வந்து நிற்கிறோம்.

1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் டி.சி.சி.டி. என்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குத் தீவிரக் கட்டுப்பாடு, மறு பிரிவினருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை. ஆய்வு முடிந்த சில ஆண்டுகளில் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கே கண், சிறுநீரகப் பாதிப்பு தொடர்ந்து குறைவாக இருந்தது. பழைய சர்க்கரையை உடல் மறக்கவில்லை.

அந்த நினைவு எங்கே பதிகிறது? டி.என்.ஏ.வையும் அது சுற்றியிருக்கும் புரதங்களையும் மாற்றும் வேதிக் குறிகள் ஒரு விடை. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எனப்படும் நுண் ஆர்.என்.ஏ.க்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உள்ள இவை புரதம் எதையும் ஆக்குவதில்லை, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அது புரதமாவதைத் தடுக்கின்றன. இவற்றைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமெருலஸைப் பாருங்கள். சர்க்கரை மிகுந்தால் அங்கே டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதம் கூடுகிறது. அது மைக்ரோ ஆர்.என்.ஏ.-192ஐப் பெருக்குகிறது. கொலாஜன் மரபணுவை அடக்கி வைக்கும் புரதத்தை அந்த ஆர்.என்.ஏ. தடுத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாத கொலாஜன் குவிந்து, வடிகட்டி தழும்பேறுகிறது. கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் நிறுவனத்தில் ராமா நடராஜன் குழுவினர் 2007இல் இதை வெளியிட்டார்கள். பின்னர், நீரிழிவு எலிகளில் இந்த ஆர்.என்.ஏ.வைத் தடுத்தபோது தழும்பு குறைந்தது. ஆனால் மனிதச் சிறுநீரகத் திசுவில் அதே ஆர்.என்.ஏ. குறைந்திருப்பதாகச் சொன்ன ஆய்வும் உண்டு. எலியில் கண்டதை அப்படியே நோயாளிக்கு மருந்தாக்கிவிட முடியாது.

சென்னையிலும் இந்தத் தேடல் நடக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் ரத்த அணுக்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-146ஏ குறைந்திருப்பதையும், அது அழற்சியோடும் இன்சுலின் எதிர்ப்போடும் தொடர்புடையது என்பதையும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2011இல் காட்டினார்கள்.

மாணவர்களே, நம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் உங்களிடமிருந்து வரவேண்டும். மருத்துவர்களே, ஆர்.என்.ஏ. பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை இன்றே கையில் இருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த நாளிலேயே அதைச் செய்யுங்கள், ஆண்டுதோறும் தொடருங்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு கணித்தது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, முதல் சில ஆண்டுகளை வீணாக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.