எட்ட நிற்கும் கண்ணாடி



கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, "எது சிறந்தது?" என்று கேட்பது மக்கள் இயல்பு. "எதற்குச் சிறந்தது?" என்று கேட்பதே அறிவுடைமை. பௌதிக வகுப்பில் நீங்கள் பயிலும் வில்லைகளின் இயல்பைத் துணைகொண்டு, துப்பாக்கியின்மேல் பொருத்தும் தொலைநோக்கி ஒன்றைப்பற்றி இன்று பேச விரும்புகிறேன். மேற்கூறிய உண்மை அதில் நன்கு விளங்கும்.

அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் ஜான் காரண்டு என்பார் உருவாக்கிய எம்-1 துப்பாக்கியை அந்நாட்டுப் படை 1936-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அது அரைத் தானியங்கி வகையைச் சார்ந்தது. அஃதாவது, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். வெடிமருந்தின் வாயு வலிமையால் அடுத்த தோட்டா தானே அறைக்குள் ஏறிக்கொள்ளும். எட்டுத் தோட்டாக்கள் கொண்ட உலோகப் பிடிப்பை மேற்புறமாக உள்ளே அழுத்த வேண்டும். எட்டும் தீர்ந்ததும் வெற்றுப் பிடிப்பு மேல்நோக்கித் துள்ளி வெளிவரும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. மேற்புறத்தில் தொலைநோக்கியை வைத்தால் தோட்டாவை எவ்வழியே இடுவது? 1944-இல் ஏற்கப்பெற்ற எம்-1 சி, எம்-1 டி வகைகளில் தொலைநோக்கியை இடப்புறம் ஒதுக்கி வைத்தனர். கன்னம் சரியாகப் படியும்பொருட்டுத் துப்பாக்கியின் கட்டையில் தோல் அணை ஒன்றையும் கட்டினர். மற்றொரு வழியும் உண்டு. தொலைநோக்கியை முன்னே தள்ளி, குழலின்மேல் அமர்த்திவிடலாம். ஜெர்மானியர் 1941-இல் மௌசர் துப்பாக்கிக்கு அமைத்த இசட்எஃப்-41 என்னும் ஒன்றரை மடங்குத் தொலைநோக்கி இவ்வகையதே. 1980-களில் ஜெஃப் கூப்பர் என்னும் ஓய்வுபெற்ற அமெரிக்கக் கடற்காலாட்படை அதிகாரி, தாழை இழுத்து இயக்கும் இலேசான துப்பாக்கியை மனத்திற்கொண்டு, இம்முறையைப் பெரிதும் பரப்பினார்.

சாதாரணத் தொலைநோக்கிக்குப் பின்னால் கண் 8 முதல் 10 சென்டிமீட்டர் தொலைவில் இருத்தல் வேண்டும். முன்னே அமர்வதற்கோ 23 முதல் 30 சென்டிமீட்டர் வரை இடைவெளி வேண்டும். ஆகவே, அதற்கென்றே வில்லைகளை அமைத்த தொலைநோக்கியையே வாங்குதல் வேண்டும். இவ்விடைவெளியால் விளையும் நன்மைகள் பல. துப்பாக்கி பின்னுதைக்கும்போது கண்ணாடியின் விளிம்பு புருவத்தைத் தாக்காது. தோட்டாவிடும் வழி திறந்திருக்கும். இரு கண்களையும் திறந்தபடியே குறிபார்க்கலாம்.

இதன் குறை என்ன? நீங்களே சோதித்துப் பாருங்கள். காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி, கண்ணருகே வைத்துச் சுவரைப் பாருங்கள். பின்பு அதையே கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். காணும் பரப்பு சுருங்கிவிட்டதன்றோ? முன்னமர் தொலைநோக்கியிலும் இதுவே நிகழ்கிறது. உருப்பெருக்கம் மிகுந்தால் பரப்பு மேலும் குறுகும். ஆகையால் 2 முதல் 3 மடங்கே இதற்குத் தக்கது.

ஒளியின் கணக்கையும் காண்போம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 28 மில்லிமீட்டர் வில்லைக்கு இரண்டரை மடங்கானால், விடை ஏறத்தாழ 11. இருளில் நம் கண்மணி விரிவதோ 7 மில்லிமீட்டர் அளவே. எனவே, தலை சிறிது விலகினும் காட்சி மறைவதில்லை. ஆயினும், காலையிலும் மாலையிலும் கதிரவன் முதுகுப்புறம் இருந்தால், தலையின் நிழல் விழாத பின்வில்லையில் ஒளி பட்டுத் தெறித்துக் காட்சியைக் கெடுக்கும். மேலும், தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறும்; எழும் வெப்பக் காற்று குறியை அலைபாயச் செய்யும். அரைத் தானியங்கியில் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும்.

தொலைநோக்கிக்கு மாற்றாகச் செம்புள்ளிக் குறிநோக்கியும் உண்டு. சுவீடன் நாட்டு எய்ம்பாயிண்டு நிறுவனம் 1975 முதல் இவ்வகையை வளர்த்தது. இதில் பெருக்கம் இல்லை. கண்ணைக் குறித்த இடத்தில் வைக்கும் கட்டாயமும் இல்லை. மின்கலம் மட்டும் வேண்டும். அண்மையில் விரைந்து குறிபார்ப்போர்க்கு இது ஏற்றது. நெடுந்தொலைவில் நுணுக்கமாகச் சுடுவோர்க்கு இரண்டும் பொருந்தா. கண்ணருகே அமையும் உயர்பெருக்கத் தொலைநோக்கியே அவர்க்கு உரியது.

இறுதியாக ஒன்று. இரண்டு மடங்குக் கண்ணாடியில் புதருக்குப் பின்னே அசைவது மானா, மனிதனா என்பது அந்தி நேரத்தில் தெளிவாகாமற் போகலாம். வேகமாகக் குறி வைக்கலாம் என்பதற்காக வேகமாகச் சுடலாம் என்று எண்ணுதல் பெரும்பிழை. ஐயத்தோடு சுட்ட குண்டைத் திரும்ப அழைக்க எந்த விஞ்ஞானியும் வழி காணவில்லை. கருவியின் எல்லையை அறிந்து, அவ்வெல்லைக்குள் நின்று, தெளிவில்லாதபோது விரலை விசையினின்று எடுத்துவிடுபவனே குறிபார்க்கக் கற்றவன். நல்ல கண்ணாடி தொலைவைக் குறைத்துக் காட்டும், பொறுப்பைக் குறைத்துவிடாது.