பிளேடு ஆடுதா? ஐந்தருவித் தோப்பில் ஒரு சென்சார் கதை

பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த 20 விநாடி ஒலிப்பதிவைக் கேளுங்க.

(ஒலிப்பதிவு)

ஹெட்போன்ல கேட்டவங்களுக்குப் பின்னால 'சோ'ன்னு ஒரு இரைச்சல் கேட்டிருக்கும். அது ஐந்தருவி. குற்றாலத்துல, நல்ல சாரல் நேரத்துல பதிவு பண்ணினது. அதுக்கு முன்னால காதைக் கிழிக்கிற சத்தம் இருக்கே, அது பிரஷ் கட்டர். தோள்ல பெல்ட் மாட்டி, நீளக் குழாயோட முனையில பிளேடு சுத்தி, புல் வெட்டுற மெஷின். இன்னைக்கு அருவியைப் பத்தி ஒண்ணும் இல்லை. அந்த பிளேடை மெஷினோட பிடிச்சு வைக்கிற இடம், அது தேயுறது, அந்தத் தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, இவ்வளவுதான். "இதுக்கு ஒரு எபிசோடா"ன்னு கேக்காதீங்க. நான் ஒரு ஆப் எழுதி ஒரு மனுஷனோட காலுக்கு உலை வெச்சிருப்பேன். அந்தக் கதை இது.

ஐந்தருவிக்குப் போற வழியில எங்க மாமாவுக்கு ஒரு தோப்பு இருக்கு. தென்னை, நடுவுல கொஞ்சம் மங்குஸ்தான், ரெண்டு ரம்புட்டான் மரம். ஆனி, ஆடியில சாரல் பிடிச்சா புல் ரெண்டு வாரத்துல முழங்கால் உயரம் வந்துரும். வெட்டலைன்னா விழுந்த பழம் கண்ணுக்குத் தெரியாது, பாம்பு இருந்தாலும் தெரியாது. அதனால சீசன் முழுக்க பிரஷ் கட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். ஓட்டுறது ஒரு அண்ணாச்சி. வயசு ஐம்பதுக்கு மேல. மாமா தோப்புல வேலை இல்லாத நாள்ல அதே மெஷினை வாடகைக்கு எடுத்துக்கிட்டு அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் போவார். மணிக்கணக்குக் கூலி. மெஷின் நின்னா காசும் நிக்கும். இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

போன வருஷம் நான் ஒரு மாசம் அங்கே இருந்துதான் வேலை பார்த்தேன். முதல் வாரத்துலயே ஒரு செய்தி வந்துச்சு. பக்கத்துத் தோப்புல வேற ஒரு வாடகை மெஷின்ல பிளேடு கழண்டு பறந்து, தென்னை மரத்துல குத்தி நின்னிருக்கு. யாருக்கும் அடி இல்லை. போய்ப் பார்த்தேன். பிளேடு நல்ல பிளேடு, முனைகூட மழுங்கலை. அதைப் பிடிச்சிருந்த நட்டுதான் போயிருந்துச்சு. எல்லாரும் பிளேடு கூரா இருக்கான்னு பார்க்கிறாங்க, பிளேடு எதுல உக்காந்திருக்குன்னு யாரும் பார்க்கிறதில்லை.

கொஞ்சம் கணக்குப் போடலாம். எங்க மெஷின்ல எஞ்சின் முழு வேகத்துல நிமிஷத்துக்கு ஏறத்தாழ 8,400 சுத்து. கீழே கியர் பெட்டியில அது 1.4 மடங்கு குறைஞ்சு, பிளேடுக்கு 6,000 சுத்து வரும். விநாடிக்கு 100. பிளேடு விட்டம் 255 மில்லிமீட்டர். அப்போ அதோட விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர் வேகத்துல போகுது, அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். உங்க காலுக்கு ஒரு மீட்டர் தள்ளி.

இப்போ பிடிமானத்தைப் பாருங்க. பிளேடு நடுவுல ஒரு ஓட்டை, 25.4 மில்லிமீட்டர், சரியா ஒரு இன்ச். கியர் பெட்டியில இருந்து வர்ற ஷாஃப்டுல பல் வெட்டியிருக்கும். அதுல ஒரு ஹோல்டர் உக்காரும். ஹோல்டர்ல வட்டமா ஒரு மேடு. பிளேடோட ஓட்டை அந்த மேட்டுல கச்சிதமா உக்காரணும். அதுக்குக் கீழே இன்னொரு தட்டு, அதுக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு மூடி, கடைசியில நட்டு. சில மெஷின்கள்ல நட்டுக்குக் குறுக்கே ஒரு காட்டர் பின். நட்டு இடது மரை. பிளேடு சுத்துற திசையில புல் கொடுக்கிற எதிர்ப்பு நட்டை இறுக்கணும்னுதான் அப்படி. பைக் நட்டைக் கழட்டுற பழக்கத்துல ஸ்பேனரைத் திருப்புனா இன்னும் இறுகிக்கும். நான் முதல் நாள் அப்படித்தான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன், அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டார்.

எது தேயும்? எல்லாமே. மலையடிவாரத்துல புல்லுக்குள்ள கல் கிடக்கும். பிளேடு கல்லுல மோதுறப்போ அந்த அடி முழுசும் ஹோல்டர் மேட்டுலயும் பிளேடு ஓட்டையிலயும்தான் விழும். வட்ட ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா முட்டை வடிவம் ஆகும். அந்தக் கிண்ண மூடி எதுக்குன்னு தெரியாம பலர் கழட்டி எறிஞ்சிருவாங்க. அது இல்லைன்னா நட்டே தரையில உரசும், ஆறு மூலையும் வழுக்கையாகி ஸ்பேனர் பிடிக்காது.

300 கிராம் பிளேடு, மையத்துல இருந்து அரை மில்லிமீட்டர் விலகி உக்காந்தா என்ன ஆகும்? 6,000 சுத்துல அது ஏறத்தாழ 6 கிலோ எடை அளவுக்கு ஒரு பக்கமா இழுக்கும், அந்த 'ஒரு பக்கம்' விநாடிக்கு 100 தடவை சுத்தி வரும். ஒரு மில்லிமீட்டர் விலகினா 12 கிலோ. இதைக் கணக்குப் போட்டதும் என் மூளையில பல்பு எரிஞ்சுது. அதிர்வுதானே? அளந்துரலாமே!

ஒரு எம்பியூ 6050, அதாவது நம்ம ஃபோன்ல திரை திரும்புறதுக்கு இருக்கிற மாதிரி ஒரு முடுக்கமானி, கூட ஒரு ஈஎஸ்பி 32 போர்டு, ஒரு பவர் பேங்க். ரெண்டு கேபிள் டை போட்டு கியர் பெட்டிக்கு மேல குழாயில கட்டினேன். அதிர்வை எஃப்எஃப்டி போட்டுப் பிரிச்சா எஞ்சின் 140 ஹெர்ட்ஸ்ல நிக்கும், பிளேடு 100 ஹெர்ட்ஸ்ல தனியா நிக்கும். 100ல இருக்கிற கோடு உயர்ந்தா பிளேடு மையத்துல இல்லைன்னு அர்த்தம். ஃபோன்ல ஒரு சின்ன ஆப். நல்லா இருந்தா பச்சைப் புள்ளி, இல்லைன்னா சிவப்பு. மாமா அதைத் தோப்புக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டினார். "எங்க மருமவன் செஞ்சது".

ரெண்டு நாள்ல முதல் பிரச்சினை. நனைஞ்ச புல் ஷாஃப்டுல சுத்திக்கிட்டா சிவப்பு. புல்லை எடுத்தா பச்சை. சரி, அது பொய் எச்சரிக்கை, தாங்கிக்கலாம். அடுத்தது இன்னும் குழப்பம். அதே பிளேடு, அதே ஹோல்டர், கழட்டி மறுபடி மாட்டுனா வேற அளவு. யோசிச்சப்போதான் புரிஞ்சுது. ஓட்டை தேய்ஞ்சிருந்தா பிளேடு ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல உக்காரும். சில தடவை தற்செயலா சரியா நடுவுலயே உக்காந்துரும். நட்டு இறுக்கினதும் அங்கேயே நிக்கும். தேய்மானம் அப்படியே இருக்கு, அதிர்வு மட்டும் இல்லை.

இது தெரிஞ்ச பிறகாவது நான் அந்தப் பச்சைப் புள்ளியை எடுத்திருக்கணும். எடுக்கலை. சராசரி போட்டுச் சரிபண்ணிரலாம்னு நினைச்சேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிஞ்சதும் கிராஃபைப் பார்த்தேன். இதுவரைக்கும் வந்ததுலயே சுத்தமான கிராஃப். "அண்ணாச்சி, மிஷின் சூப்பரா இருக்கு, நாளைக்குத் தைரியமா எடுங்க"ன்னு சொன்னேன். மறுநாள் காலையில அவர் மெஷினைச் சாச்சு வெச்சுட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, படத்துல பச்ச காட்டுதா?"

"ஆமா."

"இங்க வந்து பாருங்க."

நட்டைக் கையால திருப்பினார். ஸ்பேனர் இல்லை, ரெண்டு விரல். நட்டு சுத்துச்சு. காட்டர் பின் இல்லை, எப்போ விழுந்துச்சோ. மரை தேய்ஞ்சு நெளிஞ்சு போயிருந்துச்சு. கடைசி நிமிஷம் வரைக்கும் பிளேடு நடுவுலதான் நின்னிருக்கு. அதனால என் சென்சாருக்கு எதுவும் தெரியலை. நட்டு பிடியை இழக்கிறதுக்கு 100 ஹெர்ட்ஸ்ல கோடு கிடையாது.

"மிசின நிறுத்திட்டுக் கையால ஆட்டிப் பாக்கணும் தம்பி. ஓடயில அது சொல்லாது. ஓடயில அது சொல்லுதப்ப நீங்க ஆசுபத்திரில இருப்பீக."

அவர் கோபமா சொல்லலை. எனக்குத்தான் அன்னைக்குப் புட்டு இறங்கலை. அவர் பழக்கத்துல ஆட்டிப் பார்த்தார், சரி. பச்சையை நம்பி அதை விட்டிருந்தா? அவரை நம்பச் சொன்னது நான்தானே.

அன்னைக்கு முழுக்க அவர்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டேன். எஞ்சினை நிறுத்து, ஸ்பார்க் பிளக் மூடியைப் பிடுங்கு, கையுறை போடு. பிளேடோட ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டு. 'டக்'ன்னு ஒரு ஆட்டம் இருந்தா எங்கேயோ தேய்மானம் இருக்கு. எங்கேன்னு பிரிக்கிறதுதான் அழகு, கிட் பைசெக்ட் பண்ற மாதிரியே இருக்கும். பிளேடைக் கழட்டிட்டு வெறும் ஷாஃப்டை ஆட்டு. அதுவும் ஆடினா கோளாறு உள்ளே பேரிங்ல. ஆடலையா, ஒரு புது பிளேடை நட்டு போடாம ஹோல்டர் மேட்டுல வெச்சுப் பக்கவாட்டுல தள்ளிப் பாரு. புதுசு ஆடாம பழசு மட்டும் ஆடினா ஓட்டை போச்சு, பிளேடை மாத்து. புதுசும் ஆடினா மேடு தேய்ஞ்சிருக்கு. இங்கேதான் எல்லாரும் ஏமாறுறாங்க, புது பிளேடா வாங்கி வாங்கி மாட்டுவாங்க, ஹோல்டரை மாத்த மாட்டாங்க. அப்புறம் கியர் பெட்டி ஓட்டையில கம்பியைச் சொருகி ஷாஃப்டைப் பூட்டிட்டு, ஹோல்டரை இடமும் வலமும் திருகிப் பாரு, பல் தேய்மானம் தெரியும். நட்டை விரலால சுத்து. உள்ளே நைலான் வளையம் இருக்கிற நட்டு விரலுக்கே சுத்தினா, அதை இறுக்கிப் பிரயோஜனம் இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். மொத்தம் அஞ்சு நிமிஷம். தினமும் காலையில செய்யற முதல் ஆட்டு மட்டும்னா ஒரு நிமிஷம்.

சென்னைக்கு வந்த பிறகு பெரிய மெஷின்கள்ல என்ன பண்றாங்கன்னு தேடிப் படிச்சேன். ஐரோப்பாவுல டிராக்டர் பின்னால மாட்டுற டிஸ்க் மோவர்ல பிளேடு இறுக்கியே இருக்காது, ஒரு பின்னுல சும்மா தொங்கும். சுத்தற வேகத்துல வெளியே விரிஞ்சு நிக்கும். 150 கிராம் பிளேடு, 20 சென்டிமீட்டர் ஆரம், 3,000 சுத்துன்னு வெச்சா அந்தப் பின் ஏறத்தாழ 300 கிலோ இழுப்பைத் தாங்கணும். ஆஸ்திரியாவின் பொட்டிங்கர் கம்பெனி கையேட்டுல பின்னோட நடுப்பகுதி 15 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ஞ்சா மெஷினை ஓட்டாதேன்னு இருக்கு. தினமும் கண்ணால பார், அளவுகோலால பார், அவ்வளவுதான். அத்தனை லட்ச ரூபாய் மெஷினுக்கும் அண்ணாச்சி வழிதான்.

இன்னொண்ணும் படிச்சேன். பிரஷ் கட்டர்ல பிளேடுக்குப் பதிலா சங்கிலித் துண்டு கோத்த தலையை மாட்டுறது உண்டு. பிரிட்டன்ல அப்படி ஒரு கண்ணி பிச்சுக்கிட்டுப் பறந்து ஒரு தொழிலாளி செத்துப்போனார். 2012 ஜனவரி 19ல ஐரோப்பிய ஆணையம் அந்த மாதிரித் தலைகளை விற்கவே தடை போடச் சொல்லி முடிவெடுத்துச்சு. கண்ணிக்குக் கண்ணி ஒரு பிடிமானம், ஒவ்வொண்ணும் தேயும், எதைன்னு பார்க்கிறது?

ஆப் என்னாச்சு? பச்சைப் புள்ளியை எடுத்துட்டேன். அதிர்வு ரொம்ப ஏறினா சிவப்பு வரும், வராட்டி திரை காலியா இருக்கும். 'நல்லா இருக்கு'ன்னு அது எப்பவும் சொல்லாது. சென்சாருக்கு இன்னொரு வேலை கொடுத்தேன். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு எண்றது. அதுல அது கெட்டி. பத்து மணி நேரம் ஆனா "கழட்டிப் பாருங்க"ன்னு தமிழ்ல ஒரு குரல் வரும். குரல் அத்தையோடது. நட்டையும் கீழ்த்தட்டையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கோம், அதுவும் அத்தையோட நகப்பூச்சுதான். நட்டு ஒரு பொட்டு நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு தெரியும். புது நட்டு, ஹோல்டர், கிண்ண மூடி எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

மாமாகிட்ட பேசுறதுக்குத்தான் நாள் பிடிச்சுது. ஆட்டிப் பார்க்கிற நேரமும் கூலிக்குள்ள சேரணும்னு கேட்டேன். "அஞ்சு நிமிசத்துக்கு என்னடே கணக்கு"ன்னார். அஞ்சு நிமிஷம்தானே, அப்போ கொடுத்துருங்கன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துட்டு, "படிச்ச பய"ன்னுட்டுப் போயிட்டார். அந்த வாரக் கூலியில சேர்த்துத்தான் கொடுத்தார். மத்த தோப்புக்காரங்க இன்னும் கொடுக்கலை. அங்கே போற நாள்ல அண்ணாச்சி தன் நேரத்துலதான் ஆட்டிப் பார்க்கிறார்.

பழைய ஹோல்டர் இப்போ என் மேசையில பேப்பர் வெயிட்டா இருக்கு. வெர்னியர் வெச்சு அளந்தேன், மேடு ஒரு பக்கம் 25.2, இன்னொரு பக்கம் 24.6. கண்ணுக்கு வட்டமாத்தான் தெரியுது. உங்க ஊர்ல, தாத்தா வீட்டுல இப்படி ஒரு மெஷின் மூலையில சாஞ்சு கிடந்தா, பிளக் மூடியைப் பிடுங்கிட்டு, கையுறை போட்டு ஆட்டிப் பாருங்க. ஆடினா போட்டோ எடுத்து அனுப்புங்க, அண்ணாச்சிகிட்ட காட்டுறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.