ஒரு டாலரும் ஒன்பது கையெழுத்தும்

(வேம்பார் பகுதி மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிஞ்சிருச்சு. இன்னைக்கு டென்னிஸ் விளையாட்டைப் பத்திப் பேசப் போறேன். "உப்பளத்துக்குப் போறவங்க, ஓலைப்பெட்டி முடையுறவங்க நாங்க. எங்களுக்கு டென்னிஸ் எதுக்கு?"ன்னு கேப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. பேச்சு கடைசியில நம்ம கூலியிலதான் வந்து நிக்கும்.

நடுவில் வலை கட்டி, மட்டையால் பந்தை அடித்து ஆடுவது டென்னிஸ். இதையே தொழிலாகச் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். நாடு நாடாகப் போய் ஆடுவார்கள். பரிசுப் பணம்தான் அவர்களுக்கு வருமானம். நம் நாட்டிலும் அப்படி ஒரு போட்டி நடந்தது. 2005 முதல் 2007 வரை மூன்று வருஷம், செப்டம்பர் மாதத்தில், கொல்கத்தா நேதாஜி உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்த 'சன்ஃபீஸ்ட் ஓப்பன்'. செப்டம்பர் அங்கே மழைக்காலம். ஆனால் மேலே கூரை, உள்ளே விளக்கு. மழை பெஞ்சாலும் ஆட்டம் நிக்காது. நம்ம உப்பளம் அப்படியா? மழை விழுந்தா வேலையும் போச்சு, கூலியும் போச்சு.

அங்கே 2005ல் ரஷ்யாவின் அனஸ்தாசியா மிஸ்கினா ஜெயித்தார். 2006ல் ஜெயித்தது சுவிட்சர்லாந்தின் மார்டினா ஹிங்கிஸ். காயத்தால் சில வருஷம் ஒதுங்கியிருந்து, அந்த வருஷம் திரும்பி வந்தவர். 2007ல் ரஷ்யாவின் மரியா கிரிலென்கோ.

நம்ம ஹைதராபாத் பொண்ணு சானியா மிர்சாவும் அங்கே ஆடினார். 2005 பிப்ரவரியில், 18 வயசில், சொந்த ஊரில் நடந்த சர்வதேசப் போட்டியில் ஒற்றையர் பட்டம் ஜெயித்தவர். அந்த அளவிலான போட்டியில் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2006ல் கொல்கத்தா அரையிறுதியில் ஹிங்கிஸிடம் 6-1, 6-0 என்று தோற்றார். ஆனால் அதே போட்டியில் லீசல் ஹூபரோடு ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டம் வாங்கினார். தனியா விட்டதை ரெண்டு பேராச் சேர்ந்து பிடிச்சாங்க. குழுவில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பெண்களுக்கு இப்படித் தனிப் போட்டிகள் எப்படி வந்தது? சும்மா வரலை. 1970ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு போட்டி. ஜெயிக்கிற ஆணுக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். பில்லி ஜீன் கிங் உள்பட ஒன்பது பெண்கள், "நாங்க அங்க வரலை" என்று சொல்லிவிட்டார்கள். ஏழு பேர் அமெரிக்கா, ரெண்டு பேர் ஆஸ்திரேலியா. ஆளுக்கு ஒரு டாலர் என்று பேருக்கு ஒப்பந்தம் போட்டு, ஹூஸ்டன் நகரத்தில் தனிப் போட்டி ஆடினார்கள். தடை வரும்னு மிரட்டியும் பின்வாங்கலை. 1973ல் அவர்களுக்கென்று சங்கம் உருவானது. அதே வருஷம் அமெரிக்க ஓப்பனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத் தொகை. விம்பிள்டனில் அது வர 2007 ஆயிற்று. முதல் கையெழுத்திலிருந்து 37 வருஷம்!

இப்போ நம்ம கதைக்கு வாங்க. ஒரே பாத்தி, ஒரே வெயில், ஆனா ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலின்னு எத்தனை இடத்துல நடக்குது? சம வேலைக்கு சம ஊதியம்னு 1976லயே சட்டம் வந்தாச்சு. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்லுது. ஒருத்தி தனியாப் போய்க் கேட்டா, "நாளைக்கு வராதே"ன்னு சொல்லிருவாங்க. இருபது பேர் சேர்ந்து கேட்டா அவ்வளவு லேசாச் சொல்ல முடியாது.

இன்னொண்ணு. வயசுக்கு வந்ததும் பொம்பளப் பிள்ளைங்க விளையாட்டை நிறுத்திடுறோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2022ல் நடந்த சர்வதேசப் போட்டியில் ஜெயித்த லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு வயசு 17தான். நம்ம பிள்ளைங்க டென்னிஸே ஆடணும்னு இல்லை. பந்தோ, கபடியோ, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடி ஆடட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊக்குநரும் இந்த ரெண்டையும் பேச்சுக்கு வையுங்க. முதல் வேலையா, யார் யார் எந்த வேலைக்கு என்ன கூலி வாங்குறீங்க, பக்கத்துல வேலை செய்யிற ஆணுக்கு என்ன கூலின்னு தீர்மான நோட்டில் எழுதுங்க. எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. அவங்களும் ஒன்பது கையெழுத்துலதான் ஆரம்பிச்சாங்க.