தவறணையை மூடினால் அடி நிற்குமா?

(மகளிர் தினக் கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டத்துக்குப் பக்கத்தில் சாராயக்கடை வேண்டாம் என்று நாம் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "கடையை மூடினால் கசிப்புக் காய்ச்சுவான்." போயா தினத்தில் நாடு முழுக்கக் கடைகளுக்குப் பூட்டு. ஆனால் முதல் நாளே போத்தல் லயத்துக்கு வந்துவிடுகிறது. உண்மைதான். அதற்காகக் கடை திறந்தே கிடக்கட்டும் என்று விடலாமா?

இந்தியாவில் பீகார் மாநிலத்துப் பெண்கள் விடாமல் கேட்டார்கள். 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. கணவன்மாரின் வன்முறைக்கு ஆளாகும் பெண்களில் ஏறக்குறைய 21 இலட்சம் பேரை அந்தத் தடை காத்தது என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே பீகாரில், 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். இரண்டையும் பார்க்க வேண்டும். தடை வந்தால் அடி குறையும். கள்ளச் சாராயத்தைப் பிடிக்காவிட்டால் தாலியே போகும்.

நம் லயத்துக்கு வருவோம். 10ஆம் திகதி சம்பளம். அட்டை கடிக்க நீங்கள் பறித்த கொழுந்தின் காசு, அந்திக்குள் தவறணைக்குப் போய்விடுகிறது. குடித்துவிட்டு வருகிறவர் துரையை அடிப்பதில்லை, கங்காணியை அடிப்பதில்லை. (சிரிக்காதீர்கள்.) அவ்வளவு வெறியிலும் யாரை அடிக்கலாம் என்பது தெரிகிறது. "வெறியில் செய்துவிட்டான், பொறுத்துப் போ பிள்ளை" என்று சமாதானம் பேசும் தலைவர்மார் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால்தான் இதைச் சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிபட்டவர் தானே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம், அவருக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். அடித்தவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் நீதவான் உத்தரவிடலாம். ஆனால் காம்பரா அவர் பேரில், அடுத்த காம்பரா அவர் அண்ணனுடையது என்றால் அந்தப் பெண் எப்படி அங்கே இருப்பாள்? நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் பேர் விழாவிட்டால் சம்பளம் என்ன ஆகும்? இவற்றைத் துரையிடம் பேசுவது சங்கத்தின் வேலை, குடும்ப விவகாரம் அல்ல. அவசரத்துக்கு 1938 என்ற இலக்கத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தோட்ட எல்லையில் புதிய மதுக்கடைக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்க வேண்டாமென்று கலால் திணைக்களத்துக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. கசிப்பு எங்கே காய்ச்சுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். பயமென்றால் உங்கள் மாதர் தலைவியிடம் மட்டும் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவோம்.