திருச்சி டு யாழ்ப்பாணம்: 185 கிலோமீட்டர் எவ்வளவு தூரம்?

அம்பத்தூர்ல இருந்து, வழக்கம்போல பின்னாடி ட்ரெயின் சத்தத்தோட பேசறேன்.

போன வாரம் ஒரு சின்னக் கணக்கு போட்டேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கும் யாழ்ப்பாணத்துல இருக்கிற பலாலி ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டுல எவ்வளவு தூரம்? ஹாவர்சைன் ஃபார்முலா, பைத்தான்ல பத்து வரி. விடை சுமார் 185 கிலோமீட்டர். நம்ம ஆளுங்க இங்கிருந்து கிரிவலத்துக்கு திருவண்ணாமலை போற தூரம்தான்.

அந்த ரூட்ல போறது ஏடிஆர் விமானம். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம். வகுத்துப் பார்த்தா 22 நிமிஷம். ஆனா டிக்கெட்ல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்னு இருக்கும். ஏன்னா ஏர்லைன் சொல்றது பிளாக் டைம். இங்க விமானம் நகர ஆரம்பிச்சதுல இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும் உள்ள நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, வேகத்தைக் குறைச்சு இறங்குறது எல்லாமே அதுல அடக்கம். தூரம் கம்மியா இருந்தா, முழு வேகத்துல பறக்கிற நேரமே கொஞ்சம்தான். இமிகிரேஷன் கியூ தனிக்கணக்கு.

சரி, இந்தக் கணக்கு இப்போ எதுக்கு?

என் டீம்ல திருச்சிக்கார நண்பன் ஒருத்தன் இருக்கான். அவனோட அத்தையை யாழ்ப்பாணத்துல கட்டிக் கொடுத்திருந்தாங்க. 2023 ஆரம்பத்துல ஒரு நாள் காலையில அத்தை தவறிட்டாங்கன்னு போன் வந்துச்சு. அப்போ திருச்சியில இருந்து நேரா விமானம் கிடையாது. சென்னைக்கு வடக்கே 330 கிலோமீட்டர் வந்து, அங்கிருந்து தெற்கே சுமார் 355 கிலோமீட்டர் பறக்கணும். 185-க்கு பதிலா 685. சென்னை விமானமும் அப்போ தினமும் கிடையாது. அடுத்த விமானம் ரெண்டு நாள் கழிச்சு. அவன் அப்பா, தங்கச்சியோட இறுதிச் சடங்கை வாட்ஸ்அப் வீடியோ கால்ல பார்த்தார். 31-ஆம் நாள் அந்தியேட்டிக்குத்தான் போக முடிஞ்சுது.

இத்தனைக்கும் இந்த வான்வழி புதுசு இல்ல. 1947 டிசம்பர்லயே ஏர் சிலோன் விமானம் கொழும்புல இருந்து காங்கேசன்துறை வழியா மெட்ராஸ் வந்திருக்கு. அப்புறம் உள்நாட்டுப் போர். பலாலி ராணுவத் தளம் ஆச்சு. 2019 அக்டோபர்லதான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமா திறந்தாங்க. அடுத்த மாசமே சென்னை விமானம் வந்துச்சு. கொரோனாவுல நின்னு, 2022 டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சுது. திருச்சி–யாழ்ப்பாணம் நேரடி விமானம் தொடங்கினது 2025 மார்ச் 30.

நடுவுல கடல் அகலமாகவும் இல்ல, குறையவும் இல்ல. என் பைத்தான் கோடு 2023-லயும் 185-னுதான் சொல்லியிருக்கும். ரெண்டு ஊருக்கு நடுவுல தூரம்ங்கிறது பாதி பூகோளம். மீதி, அங்க போக ஒரு டைம்டேபிள் இருக்கா இல்லையாங்கிறதுதான்.

நேரடி விமானம் வந்ததும் அந்த அப்பா அதுல ஒரு தடவை போயிட்டு வந்தார். இறங்கினதும் பையனுக்கு போன் பண்ணிச் சொன்னாராம்: "சீட் பெல்ட் கழட்டி நிமிர்றதுக்குள்ள இறங்கணும்னுட்டாங்கடா. இவ்வளவு பக்கத்துலயா இருந்தா அவ?"

உங்க வீட்டுலயும் மேப்ல பக்கம், போக தூரம்னு ஒரு ஊர் இருக்கா? சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.