லாங்குவேஜ் லேப் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ஆங்கிலம் கற்பித்தலில் தொழில்நுட்பம். கொடுத்த நேரம் இருபது நிமிடம். கூடவே ஒரு தகவலும் சொன்னார். நம் சங்கம் இந்த ஆண்டு நிதி திரட்டிக் கல்லூரிக்கு ஒரு லாங்குவேஜ் லேப் அமைத்துத் தரப் போகிறதாம். "நீங்க ஆங்கில வாத்தியார், நாலு வார்த்தை ஆதரவாப் பேசுங்க" என்றார். ஆதரவாகத்தான் பேசப் போகிறேன். யாருக்கு ஆதரவாக என்பது போகப் போகத் தெரியும்.

லாங்குவேஜ் லேப் புதுச் சரக்கு இல்லை. 1960களிலேயே மேல்நாடுகளில் பரவிவிட்டது. தடுப்பு வைத்த மேசைகள், மேசைக்கு ஒரு டேப் ரெக்கார்டர், காதில் ஹெட்போன். டேப்பில் ஒரு வாக்கியம் வரும். மாணவன் திருப்பிச் சொல்ல வேண்டும். மொழி என்பது ஒரு பழக்கம், திரும்பத் திரும்பச் சொன்னால் வந்துவிடும் என்ற கொள்கை அதற்குப் பின்னால் இருந்தது. 1970களிலேயே அந்தக் கொள்கையின் செல்வாக்கு போய்விட்டது. அறையும் ஹெட்போனும் மட்டும் போகவில்லை. டேப் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் அப்படி ஒரு லேப் திறந்தார்கள். பெயர் வேண்டாம். முப்பது இருக்கை, குளிர்சாதனம், ரிப்பன் வெட்டு எல்லாம் நடந்தது. சாஃப்ட்வேரைப் போட்டால் முதல் பாடம் விமான நிலையத்தில் பெட்டியை எப்படி ஒப்படைப்பது. இரண்டாம் பாடம் ஓட்டலில் அறை எடுப்பது. காலையில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் காதில் ஹெட்போனை மாட்டி, 'ஜன்னலோர இருக்கை வேண்டும்' என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு பீரியடு போக மற்ற நேரம் அறைக்குப் பூட்டு. சாவி ஆபீஸில். இரண்டு வருஷத்தில் பாதி ஹெட்போன் ஒரு காதில்தான் பேசியது. அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். வாங்குவதற்கு முன்னால் 'உங்களுக்கு ஆங்கிலம் எதற்கு வேண்டும்?' என்று பிள்ளைகளை ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்பே கேட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். அன்றைய வங்காளத்தில், டாக்காவில், கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1926இல் வங்காள மாணவர்களின் இருமொழிக் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் பார்த்தது இதுதான். பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிக்கும் முன்பே நின்றுவிடுகிறார்கள். நின்றவன் கையில் என்ன மிஞ்சுகிறது? கொஞ்சம் இலக்கணம், கொஞ்சம் மனப்பாடம். இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்கிற 'சரண்டர் வேல்யூ' என்ற சொல்லைத்தான் வெஸ்ட் இங்கே எடுத்துக்கொண்டார். எல்.ஐ.சி. பாலிசி எடுத்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ஆங்கிலப் படிப்பையும் பாதியில் நிறுத்தினால் அந்தப் பையனுக்குப் பயன்படும்படி ஏதாவது கையில் நிற்க வேண்டும் என்றார். அந்தப் பிள்ளைகளுக்குப் படித்துப் புரிந்துகொள்வதுதான் முதல் தேவை என்று முடிவு செய்து, அளவான சொற்களில் எளிய வாசிப்புப் புத்தகங்களை உருவாக்கினார். 1953இல் சுமார் 2000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட ஒரு பட்டியலையும் வெளியிட்டார். வாசிப்பே எல்லாருக்கும் முதல் தேவையா என்று கேட்டால், இன்று நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். ஆனால் அவர் கேட்ட கணக்கை இன்றும் கேட்கலாம். நம் கல்லூரியில் பகுதி 2 ஆங்கிலம் படித்துவிட்டு வெளியே போகிற பிள்ளைக்கு சரண்டர் வேல்யூ என்ன?

இப்போது நம் வகுப்புக்குள் வருவோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மூன்று பேரைப் பாருங்கள்.

முதல் பிள்ளை இயற்பியல். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. திசைவேகம், முடுக்கம், ஒளிவிலகல் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் இவனால் கேட்க முடிவதில்லை. ஏன் என்று கேட்டால் 'டெக்னிக்கல் வார்த்தை புரியலை சார்' என்பான். உட்கார வைத்து, எந்த இடத்தில் நின்றாய் என்று காட்டச் சொன்னால் கதை வேறு. 'வெலாசிட்டி' என்றால் திசைவேகம் என்று ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறான். 'அஸ்யூம்', 'டெரைவ்', 'ஹென்ஸ்', 'வேர்ஆஸ்' என்று பேராசிரியர் ஒட்டுப் போட்டுக்கொண்டு போகிற இடங்களில்தான் விழுகிறான். இந்த மாதிரி எல்லாத் துறைப் பாடங்களிலும் வரும் சொற்களை 2000ஆம் ஆண்டில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார் 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்து வெளியிட்டார். அந்தப் பட்டியல் இலவசம். வீடியோவின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைப்பது இலவசம். கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்ப்பதும் இலவசம். முதல் தடவை எழுத்தோடு, இரண்டாம் தடவை எழுத்தில்லாமல், மூன்றாம் தடவை முழு வேகத்தில். இந்தப் பிள்ளைக்கு ஜன்னலோர இருக்கை பாடம் எதற்கு?

இரண்டாவது பிள்ளை வணிகவியல். எழுதச் சொன்னால் ஓரளவு எழுதுவாள். இன்டர்வியூ என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவள் பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. அது நம் எல்லாருக்கும் உள்ளது. தமிழில் 'ப' என்று ஓர் எழுத்துதான். அது எங்கே வல்லோசை, எங்கே மெல்லொலி என்பதை இடம் முடிவு செய்கிறது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. குண்டூசியும் பின், குப்பைத்தொட்டியும் பின். நான் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது, பாருங்கள். 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா? இந்த வேறுபாடு காதில் விழாதவரை வாயில் வராது. ஆசிரியர் அறுபது பேருக்கு நடுவில் எழுப்பித் திருத்தினால் அந்தப் பெண் அடுத்த நாள் வகுப்புக்கே வரமாட்டாள். இங்கேதான் இயந்திரத்துக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. செல்போனில் பேசி எழுதும் வசதி இருக்கிறதல்லவா, அதில் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். அது எதைக் கேட்டதோ அதை எழுதிக் காட்டும். சிரிக்காது, முகம் சுளிக்காது, ஐம்பது தடவை சொன்னாலும் அலுக்காது.

ஒரு எச்சரிக்கை. அது முன்பின் சொற்களைப் பார்த்து ஊகித்து எழுதுகிறது. நீங்கள் தப்பாகச் சொன்னாலும் வாக்கியத்தின் போக்கைப் பார்த்துச் சரியாக எழுதிவிடும். நாம் சரியாகச் சொல்லியும் நம் ஊர் உச்சரிப்பு பிடிபடாமல் தப்பாக எழுதுவதும் உண்டு. அதனால் அது எழுதியதை மார்க் ஷீட்டாக எடுத்துக்கொள்ளாமல், தன் குரலையும் பதிவு செய்து கேட்க வேண்டும். தன் குரலைக் கேட்க எல்லாருக்கும் கூச்சம்தான். ஒரு வாரத்தில் போய்விடும். 'ரெக்கார்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முன்னால், வினையாக வரும்போது பின்னால். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நமக்கு இது காதிலேயே விழுவதில்லை. பதிவு செய்து, அகராதிக் குரலோடு வைத்துக் கேட்டால் விழும். அந்தக் காலத்தில் கேசட்டைத் திருப்பித் திருப்பித் தேய்த்தோம். இன்று கட்டை விரலால் முடிகிறது.

மூன்றாவது பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். அவனுக்குப் பார்வை இல்லை. நம் தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் ஆங்கில இலக்கியம் படிப்பது புதிதல்ல. எப்படிப் படிக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? என்.வி.டி.ஏ. என்று ஒரு திரைவாசிப்பு சாஃப்ட்வேர் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற மைக்கேல் கரன் என்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கியது. பணம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பழகிய மாணவன் அதைக் கேட்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. கேட்பதில் அவன் நம்மைவிடக் கெட்டிக்காரன். ஆனால் 'வெதர்' என்று காதில் விழுந்தால் வானிலையா, 'ஆமா இல்லையா' என்று கேட்கிற வெதரா? ஒலி ஒன்று, எழுத்து வேறு. கண்ணால் பார்த்துப் பழகியவனுக்குத் தானாக வரும் ஸ்பெல்லிங், காதால் மட்டும் படித்தவனுக்கு வராது. பரீட்சையில் அவனுக்காக எழுதுபவருக்கும் சந்தேகம் வந்துவிட்டால், மதிப்பெண் போவது இவனுக்கு. அந்த சாஃப்ட்வேரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைக்கலாம். இதை ஒருவர் உட்கார்ந்து பழக்கிவிட வேண்டும். அந்த ஒருவருக்கு நேரம் வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நோட்ஸை செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். 'இமேஜ்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறது என்பீர்கள். அச்சுக்கு நன்றாகவே வேலை செய்யும். நம் கையெழுத்துக்கு? டைப் செய்த கோப்பாகக் கொடுத்தால் அந்த மாணவன் நிம்மதியாகப் படிப்பான். லட்ச ரூபாய் லேபில் கிடைக்காத உதவி அது.

2022 நவம்பரில் வந்த சாட் ஜி.பி.டி. பற்றி மாணவர்கள் நான் பேசுவேனா என்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. கட்டுரையை அதனிடம் எழுதி வாங்கிக் கொடுப்பவனுக்கு சரண்டர் வேல்யூ பூஜ்யம். தானே எழுதிவிட்டு, 'எங்கே தப்பு, ஏன் தப்பு' என்று கேட்பவனுக்கு அது நல்ல துணை. இரவு பதினொரு மணிக்கு இன்டர்வியூ கேள்வி கேள் என்றால் கேட்கும். தப்பான விளக்கத்தையும் அதே கம்பீரத்தோடு சொல்லும், கவனம். இதற்கு மேல் அதைப் பற்றி இன்று பேசினால் அடுத்த கூடுகைக்குள் பழசாகிவிடும்.

இனி சங்கத்துக்கு. லேப் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கொட்டேஷன் வாங்குமுன் ஒரு பக்கக் கேள்வித்தாள் கொடுங்கள், தமிழில். ஆங்கிலம் எதற்கு வேண்டும், எங்கே நிற்கிறாய், வீட்டில் உனக்கென்று போன் உண்டா? கடைசிக் கேள்வி முக்கியம். பல வீடுகளில் ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது, அல்லது அண்ணன் கையில் இருக்கிறது. பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள். அப்போது ஓர் அறையும் சில டேப்லெட்டுகளும் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியவரும். அந்த அறை காலை எட்டு மணிக்குத் திறந்து கடைசி பஸ் வரை திறந்திருக்க வேண்டும். சாவி ஆபீஸில் இருக்கக் கூடாது. குளிர்சாதனத்துக்கு ஆகும் பணத்தில், அங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். நம்மிடம் படித்து எம்.ஏ. முடித்து வேலை தேடும் பிள்ளைகளே இருக்கிறார்கள்.

நண்பர்களே, உங்களிடம் பணத்தைத் தவிர இன்னொன்றும் கேட்கிறேன். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருப்பவர், பாங்கில் இருப்பவர், ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருப்பவர், துறைமுகத்தில் இருப்பவர் எல்லாரும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸில் நிஜமாக எழுதுகிற மெயில், ரிப்போர்ட், புகார்க் கடிதம் இவற்றில் பெயர், தொகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மாதம் இரண்டு அனுப்புங்கள். எந்த சாஃப்ட்வேர் கம்பெனியும் விற்காத பாடம் அது. வாரம் இருபது நிமிடம் ஒரு மாணவரோடு போனில் ஆங்கிலத்தில் பேச முடிந்தவர்கள், வெளியே பதிவு மேசையில் நீல நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன், அதில் பெயரும் வசதியான நேரமும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். செயலாளர் மணியைப் பார்க்கிறார்.