வதந்தியும் அச்சமும்

ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்குச் சொந்தக் கரையில் புயல் என்ற செய்தி எட்டினால், பின்னாலேயே பத்து வதந்திகளும் வந்து சேர்கின்றன. சமூக உளவியலார் இதனை ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியில் நம் நாட்டுக்குத் தனி இடமுண்டு.

1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அதிர்ச்சியை உணர்ந்தும் பெருஞ்சேதம் காணாத மக்களிடையே பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற அறிஞர் திரட்டி 1935-இல் வெளியிட்டார். பாட்னாவைப் புயல் தாக்கும், சந்திர கிரகணத்தன்று மீண்டும் பூமி நடுங்கும், பிரளயமே வரும்! தப்பியவர்கள் ஆறுதலடையாமல் இப்படி ஏன் நம்பினர்?

அமெரிக்க உளவியலறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் வெளியிட்ட நூலில் விடை கூறினார். அதிர்ச்சியால் அச்சம் முன்னரே மனத்தில் புகுந்துவிட்டது. சுற்றிலும் அஞ்சத்தக்கது ஏதுமில்லை. அச்சத்துக்கு நியாயம் கற்பிக்கவே வதந்தி பிறந்தது என்றார் அவர். எளிய விடைதான், ஆயினும் நாம் வழக்கமாக எண்ணுவதைத் தலைகீழாக்கிவிடுகிறது.

டார்ஜிலிங் மண்சரிவுகளை ஆராய்ந்து துர்கானந்த் சின்ஹா 1952-இல் எழுதிய கட்டுரையும் அவருக்குத் துணைநின்றது. அங்கே வரப்போகும் பெருங்கேட்டைப் பற்றிய வதந்திகள் காணப்படவில்லை. இடிந்த வீடுகள் கண்முன்னே கிடந்தன.

தொலைவிலிருக்கும் நாமோ பாட்னா மக்களின் நிலையில் இருக்கிறோம்.